அப்பாவின் தலைமாட்டில் பாஸ்கா திரி

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரத்தில்தான் அப்பா இறந்துபோனார். கரும்பு லோடு ஏற்றுகிறவர். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. கச்சிராயபாளையத்தை ஒட்டிய எங்கள் காலனியிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ்கூட ஓடவில்லை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள்.

காலனியில் இருந்தது ஓட்டுக்கூரை போட்ட சின்னக் கோயில். சாமியார் இருப்பது டவுன் கோயிலில். பாஸ்கா திரியும் அங்கேதான். ஈஸ்டர் இரவில் புது நெருப்பிலிருந்து ஏற்றுகிற பெரிய மெழுகுவர்த்தி அது. அந்த வருடம் முழுக்கப் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கும் அதை ஏற்றுவார்கள், சாவு விழுந்தால் பெட்டிக்குப் பக்கத்திலும் ஏற்றுவார்கள். வழக்கமாகச் சாமியாரின் ஜீப்பில் வந்துவிடும்.

இருக்கிற சின்ன மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்து, ஜெபம் சொல்லி அடக்கம் செய்துவிடலாம் என்றார் சித்தப்பா. ஆண்கள் எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். அம்மா அப்பாவின் காலருகே உட்கார்ந்திருந்தாள். நாலு பேர் கூடிய இடத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"சாமியாரும் வரணும், திரியும் வரணும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீதான் பெரியவ. சித்தப்பாவ இட்டுக்கினு போய்ட்டு வா."

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அழுகையை அடக்கிக்கொண்டு, வாய்க்கால் கரையிலும் கரும்பு வரப்பிலுமாக நடந்து டவுன் போய்ச் சேர்ந்தோம். விஷயத்தைச் சொன்னதும் சாமியார் மறுபேச்சுப் பேசவில்லை. அங்கியை ஒரு பையில் மடித்து வைத்தார், செருப்பை மாட்டினார், கிளம்பிவிட்டார். திரியை வெள்ளைத் துணியில் சுற்றி என் தோளில் வைத்தார்கள். உலக்கை கனம் இருந்தது. சித்தப்பா கேட்டும் நான் கொடுக்கவில்லை.

திரும்பும்போது வாய்க்காலில் தண்ணீர் ஏறியிருந்ததால் ரோட்டு வழியாகத்தான் வரவேண்டியிருந்தது. சாய்ந்து கிடந்த ஒரு புளியமரத்தின்மேல் மறியல்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா கூலிக்குப் போகிற நிலத்துக்காரரின் மகனும் அதில் இருந்தான். சித்தப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னா அது, துணில சுத்திக்கினு?" என்று நிலத்துக்காரர் மகன் என்னைத்தான் கேட்டான்.

துணியை விலக்கிக் காட்டினேன். அப்பா செத்துட்டார், அவர் பக்கத்தில் ஏற்றிவைக்க எடுத்துப் போகிறோம் என்றேன்.

"பட்டப்பகல்ல எதுக்கு மெழுகுவத்தி?"

சாமியார் பேச வாயெடுத்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "வெளிச்சத்துக்கு இல்லீங்க. எங்கப்பா கொழந்தையா இருக்கசொல்ல தலையில தண்ணி ஊத்தி, இந்த மாதிரி திரியிலதான் வெளக்கு ஏத்திக் குடுத்தாங்க. சாவோட அவரு முடிஞ்சுபோறது இல்லன்னு சொல்றதுக்கு, இப்பவும் அதையே ஏத்தணும்."

மரத்தின்மேல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நிலத்துக்காரர் மகன் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான். திரியை வாங்கி, கிளைகளில் உரசாமல் மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் என்னிடம் கொடுத்தான். அப்பாவை அவனுக்குத் தெரியும். அவர்கள் கரும்பையும் அவர்தான் லோடு ஏற்றுவார்.

வீட்டுக்கு வந்ததும் சாமியார் அம்மாவிடம், "பிரசங்கத்த உம் பொண்ணு வழியிலயே வெச்சிட்டாம்மா" என்றார். அத்தனை துக்கத்திலும் அம்மாவின் முகத்தில் ஒரு நிமிர்வு வந்ததைப் பார்த்தேன்.

பூசை முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள். எங்கள் ஊரில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். திரியை வாங்கிக்கொள்ளச் சித்தப்பா கை நீட்டினார்.

"அவதான எடுத்துக்கினு வந்தா. கல்லறை வரைக்கும் அவளே எடுத்துக்கினு போவட்டும்" என்றாள் அம்மா.

சித்தப்பா சாமியாரைப் பார்த்தார். சாமியார் என்னை முன்னால் நடக்கச் சொல்லிக் கை காட்டினார். பெட்டிக்கு முன்னால் நடந்தேன். உருகிய மெழுகு விரலில் வழிந்தது, வலி தெரியவில்லை. காற்றில் திரி இரண்டு முறை அணைந்தது. இரண்டு முறையும் சாமியார் எல்லாரையும் நிறுத்தி, அவசரப்படாமல் ஏற்றினார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். அம்மா நிற்கவில்லை. மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.