அம்புக்காரர் வரைந்த தனிக்கோடு

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் அம்புக்காரர். ஓர் அலுவலகத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டு, அதைக் கட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்து, எதைக் கணினிக்கு மாற்றலாம் என்று சொல்வது அவர் பிழைப்பு. மாமியாருக்கு இது பிடிபட்டதே இல்லை. "அப்ப கம்ப்யூட்டர் கெட்டுப்போனா சரி பண்ணுவாரா?" என்று மகளைக் கேட்பார். "இல்லம்மா, கெட்டுப்போறதுக்கு முந்தின வேலை இவருக்கு" என்பாள் மகள்.

இரண்டு மொழிகளில் படித்தவர்தான். ஆனாலும் பிழைக்க வந்த நாட்டில் அலுவலக மொழியில் வாயைத் திறக்குமுன் வாக்கியத்தை உள்ளுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். புரியாததை மறுபடி கேட்கக் கூச்சம், தலையாட்டிவிடுவார். இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று என்றைக்காவது யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம், சட்டைப்பையில் சாவி மாதிரி எப்போதும் கூடவே இருந்தது.

ஆஸ்பத்திரி வேலை வந்தபோது அவருக்குப் பாதி பாரம் இறங்கியது. மனைவியின் தம்பி அங்கேதான், ஸ்ட்ரெச்சர் பிரிவில் தொலைபேசி எடுக்கிறவன். எந்த வார்டு கூப்பிட்டாலும் ஆள் அனுப்புவது அவன். வீட்டுக்கு வரச்சொல்லி, டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொந்த மொழியிலேயே கேட்டார்.

"யாரு போகணும்னு எப்படி முடிவு பண்றே மச்சான்?"

"கை சும்மா இருக்கறவங்க போவாங்க. எக்ஸ்பிரஸ் மட்டும் வேற."

எக்ஸ்பிரஸ் என்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளும் பெரியவர் ஒருவருக்கு ஒரு காலத்தில் ஓடிய ஓட்டத்துக்காகக் கிடைத்த பட்டப்பெயர். இப்போது அந்த மனிதர் நடக்கும்போது பெயர்தான் முன்னால் போய்ச் சேரும்.

"அவருக்கு முட்டி போச்சு அத்தான். பழைய கட்டடத்துச் சரிவுல வண்டி தள்ள முடியாது. அந்தப் பக்கம் அழைப்பு வந்தா நாங்க யாராவது போயிடுவோம். சமதளத்துல மட்டும் அவரு. ஓய்வு பெறுற வரைக்கும் இப்படியே ஓட்டிடலாம்னு பார்க்கறோம். மேல ஒருத்தருக்கும் தெரியாது."

சிரித்துக்கொண்டே சொன்னான். அவரும் சிரித்தார்.

நடப்பில் இருப்பதை இருக்கிறபடி வரையவேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம். மறுநாள் வரைந்தார். 'சரிவில்லாத வேலை' என்று ஒரு கட்டம். அதிலிருந்து மற்ற கோடுகளோடு ஒட்டாமல் தனியாக ஓர் அம்பு, ஒரே ஆளிடம் போய் நின்றது. பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகில்தான் அவர் மயங்கினார்.

கூட்டத்தில் நிர்வாகி அம்மாள் நேராக அந்த அம்பின்மேல் விரலை வைத்தார். "இது ஏன் ஒருத்தர்கிட்ட மட்டும் போகுது?"

அன்றைக்கென்று அவருக்கு மொழி தடங்கலில்லாமல் வந்தது. ஓட்டிப் பார்க்காமலே சரளமாகச் சொன்னார்: முழங்கால், சரிவு, மற்றவர்கள் மாற்றிப் போவது, எல்லாம். "இவ்வளவு தெளிவா இதுவரை யாரும் எங்களுக்குக் காட்டினதில்லை" என்றார் அம்மாள். அந்தப் பாராட்டை வழியெல்லாம் மென்றுகொண்டே வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வாரம் எக்ஸ்பிரஸுக்கு உடல்தகுதிப் பரிசோதனைக்கு உத்தரவு வந்தது. தேறாவிட்டால் வேலை இல்லை.

மச்சான் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"நான் உங்ககிட்ட சொன்னேனா அத்தான், ஆஸ்பத்திரிகிட்ட சொன்னேனா?"

அவர் மேசைமேல் கிடந்த வரைபடத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"யாரு போட்டுக்கொடுத்ததுன்னு அந்த மனுஷன் எங்க மூஞ்சியெல்லாம் பார்த்துக்கிட்டே நிக்கறாரு. என் மூஞ்சியையும்தான்."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "இவருகிட்ட எதைச் சொன்னாலும் கட்டம் கட்டிடுவாருடா. நாளைக்கு நம்ம வீட்டுச் சண்டைக்கும் அம்பு போடுவாரு." வழக்கமாகச் சிரிப்பு வரும் பேச்சு. அன்று யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டு போனார். சொல்லும்போது காது மடல் சுட்டது.

"அந்த அம்பு தவறு. அப்படி ஒரு ஏற்பாடே அங்கே இல்லை. தொழிலாளர்கள் சொன்னது எனக்குச் சரியாகப் புரியவில்லை. உங்கள் மொழி எனக்கு இன்னும் போதவில்லை."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எங்கெங்கோ பார்த்தார்கள். இத்தனை வருஷம் எதை மறைக்கப் பாடுபட்டாரோ, அதைத் தானே எடுத்து நடுமேசையில் வைத்தாயிற்று. பொய்தான் என்றாலும் அவர்களுக்கு அதை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை.

நிர்வாகி அம்மாள் பரிவோடு, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "பரவாயில்லை. இனிமே ஒரு மொழிபெயர்ப்பாளரை உங்ககூட அனுப்பறோம்." பரிசோதனை தேவையில்லை என்று குறித்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. புது முறையில் அழைப்பு வந்ததும், அருகில் இருப்பவரைக் கணினியே பிடித்து அனுப்பிவிடும். சரிவானாலும் அனுப்பும். "யார் போவது என்பதை மட்டும் பிரிவே முடிவு செய்யட்டும்" என்றார் அம்புக்காரர்.

"ஆமா, அதை அவங்ககிட்டயே விட்டுடுங்க. உங்களுக்கும் சுலபம்."

தலையாட்டினார்.

சேதி தாழ்வாரங்களில் பரவ நேரமாகவில்லை. சில நாள் கழித்து ஸ்ட்ரெச்சர் அறைப் பக்கம் போனபோது எக்ஸ்பிரஸ் காலை இழுத்துக்கொண்டு எதிரே வந்தார். யாரால் மாட்டினார், எப்படித் தப்பினார் என்பது அவருக்குத் தெரியாது. இந்த ஆளுக்கு மொழி வராது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார்; இவரிடம் சொன்னால் மேலே போகாது என்ற தைரியம். வண்டியைக் காட்டி, சரிவைக் காட்டி, தன் முட்டியைத் தட்டிக்காட்டி, உரக்க, மெதுவாக, சைகையோடு ஏதேதோ விளக்கினார். அம்புக்காரருக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. பாதி புரிந்தவரைப் போல் நின்று கேட்டுக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மச்சான் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தான். பார்த்தான். பிறகு அடுத்த அழைப்பை எடுத்து, எக்ஸ்பிரஸைக் கூப்பிட்டு, சமதளத்துக்கு அனுப்பினான். அத்தானை உள்ளே வரச்சொல்லவில்லை.