நாச்சிமுத்து கை வைத்த ஒரே வயிறு

போன வாரம் டாக்டர் நாச்சிமுத்துவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அப்பா தவறிட்டாருங்க. காரியத்துக்கு நினைவு மலர் போடறோமுங்க. நீங்க நாலு வார்த்தை எழுதிக் குடுங்க." எழுதுகிறேன். நல்ல வார்த்தையாக வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. செத்தவருக்கு 'அவர்' போட வேண்டுமாம். கூடப் படித்தவனுக்கு அது என் கைக்கு வரவில்லை.

எண்பதுகளில் எங்கள் மருத்துவ இறுதித் தேர்வில் வயிற்றைப் பரிசோதித்துக் காட்ட வேண்டும். முதலில் பார்க்க வேண்டும், கையைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும், வலிக்கும் இடத்தைக் கடைசியில் தொட வேண்டும், அப்போது கண் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். நாச்சிமுத்து இதையெல்லாம் கடகடவென்று ஒப்பிப்பான். ஆனால் தேர்வுதோறும் நோயாளியாக வந்து படுக்கும் சோமனூர்த் தறிக்காரர் கருப்பண்ணனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனான். "மண்ணீரலுங்க கண்ணு, நாலு விரக்கடை வீங்கியிருக்குது. ஈரல்ல ஒண்ணுமில்லீங்க," என்று அவரே சொல்லிக் கொடுத்தார். இவன் அதைத் திருப்பிச் சொல்லிப் பதக்கம் வாங்கினான். "அவருக்கு வாய் இருக்கறப்ப வயித்த எதுக்குடா அமுக்கோணும்?" என்றான்.

தொண்ணூறுகளில் திருப்பூரில் நர்சிங்ஹோம் கட்டினான். ஸ்கேன் மெஷின் வந்ததும் நோயாளியின் பக்கம் திரும்புவதையும் விட்டுவிட்டான். ரிப்போர்ட்டைப் பார்த்து 'வாயு' என்று எழுதுவான். ஊரே கைராசிக்காரர் என்றது. கையை எங்கே வைத்தான், ராசியைக் கண்டுபிடிக்க!

அங்கே அறுவை சிகிச்சை செய்ய நான் போவதுண்டு. ஒருநாள் மத்தியானம் ஒரு பெண் சுவரைப் பிடித்தபடி குனிந்தே வெளியே நடந்துகொண்டிருந்தாள். பெயர் செல்வி, விருதுநகர்ப் பக்கம், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் அடிப்பவள். "வாயுதானாம் சார், வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாக," என்றாள். திருப்பிக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். மூச்சு விட்டும் வயிறு அசையவில்லை. "தொடாதீக சார், உசுரு போகுது." மெல்லக் கை வைத்தேன். பலகைபோல இறுகியிருந்தது. குடலில் ஓட்டை, வீட்டுக்குப் போயிருந்தால் செத்திருப்பாள்.

அவனை இழுத்து வந்து, "கைய வைடா," என்றேன். வைத்தான். செல்வியின் முகத்தைப் பார்த்தான். பிறகு என்னிடம் சின்னக் குரலில், "பலகை மாதிரின்னு படிச்சமே, இதானாடா அது?" என்று கேட்டான்.

நர்சுகள் முன்னால் வாய்விட்டுச் சிரித்தேன். அன்றே அறுவை சிகிச்சை செய்தேன், செல்வி பிழைத்தாள். அதற்குப் பிறகு அவன் எந்த வயிற்றிலும் கை வைத்து நான் பார்க்கவில்லை.

அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். அவன் கற்றுக்கொள்ளக் கேட்டது அந்த ஒருமுறை. 'ஆமாண்டா' என்று சொல்லியிருக்கலாம். பிறகு எத்தனை செல்விகளைத் தொடாமலே வீட்டுக்கு அனுப்பினானோ, அதில் என் சிரிப்புக்கும் பங்கு உண்டு.