விமானத்திலிருந்து கட்டிலுக்கு இருபது நிமிஷம்

நெஜாத்தி தன் அக்கா ஹாஜெருக்குப் பன்னிரண்டு தங்க வளையல் கடன்பட்டிருந்தார். துருக்கியின் எர்ஸுரூமில் வளையலாக வாங்கினால் வளையலாகத்தான் திருப்பித் தர வேண்டும். முடியாவிட்டால், தருகிற அன்றைக்குத் தங்கம் என்ன விலையோ அந்த விலைக்குப் பணத்தை எண்ணி வைக்க வேண்டும். அவர் வாங்கிய நாளிலிருந்து தங்கம் ஏறிக்கொண்டே இருந்தது. ஹாஜெர் அக்காவின் புருஷன் செத்துப்போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த வளையல்கள் மட்டும்தான்.

அவற்றை விற்று, தன் சேமிப்பையும் போட்டுத்தான் பாலாந்தோகன் மலையடியில் பதினான்கு அறை விடுதியை வாங்கினார். ஊரே சிரித்தது. பனிச்சறுக்குத் தடங்கள் தொடங்குகிற உயரத்தில் பளபளவென்று பெரிய ஓட்டல்கள் இருக்கும்போது, அடிவாரத்தில், விமான நிலையம் போகிற ரோட்டோரத்தில் எவன் வந்து படுப்பான் என்றார்கள். சிரித்தவர்களில் காலேஜ் படித்தவர்களும் உண்டு. நெஜாத்தி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். நிலக்கரிக் கிடங்கில் மூட்டை சுமந்தார். லாரியில் கிளீனராக நின்றார். பிறகு, யார் தயவும் இல்லாமல் ஒரு மினிபஸ் வாங்கி, விமான நிலையத்துக்கும் மலைக்குமாக இருபது வருஷம் ஓட்டினார். அந்த இருபது வருஷமும் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன்கூட மலை எவ்வளவு உயரம் என்று அவரைக் கேட்டதில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றுதான் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவனுக்கு உயரத்தை வைத்து என்ன செய்ய? அவனுக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு விமான நிலையம். இதைச் சுயமாகக் கண்டுபிடித்த மூளை அது. மினிபஸ்ஸின் பின் கண்ணாடியில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்: விமானத்திலிருந்து கட்டிலுக்கு இருபது நிமிஷம்.

எழுத்து நன்றாகத்தான் இருந்தது. இரண்டு குளிர்காலம் கட்டில்கள் காலியாகக் கிடந்தன.

மூன்றாவது குளிர்காலத்தின் தொடக்கத்தில் அக்கா கூப்பிட்டனுப்பினாள். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி அவர் தேநீரை உறிஞ்ச, அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"டேய், என் பேரு வந்துடுச்சுடா. ஹஜ் குலுக்கல்ல. ஒம்பது வருஷமா எழுதிப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

"மாஷா அல்லா! எப்ப பணம் கட்டணும் அக்கா?"

"ஏப்ரலுக்குள்ள." அவள் மறுபடி தேநீர் ஊற்றினாள். கெண்டியைப் பிடித்த மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. "நான் கேக்கல. கேட்டேனா?"

"கேக்கல அக்கா."

"கேக்கவும் மாட்டேன். ஆனா பேரு வந்துடுச்சு."

பல்லிடுக்கில் இருந்த சர்க்கரை கரைந்துபோனது அவருக்குத் தெரியவில்லை. அன்று பிடித்த பயம் பிறகு விடவே இல்லை.

இஸ்தான்புல்லில் பெல்கிஸ் ஹானிம் என்றொரு அம்மாள் இருந்தாள். பனிச்சறுக்குக்கு ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அனுப்புகிற கம்பெனி அவளுடையது. ஜனவரிக் கடைசிப் பள்ளி விடுமுறையிலிருந்து மார்ச் முடிகிற வரைக்கும் வாராவாரம் ஆள் அனுப்ப ஓர் இடம் தேடுகிறாள் என்று கேள்விப்பட்டு, நெஜாத்தி ஒரு பகலும் ஓர் இரவும் பஸ்ஸில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார். அவள் மேஜையில் மூன்று பெயர்கள் இருந்தன. கைஸெரிப் பக்கம் எர்ஜியஸ், கார்ஸ் பக்கம் ஸாரிகாமிஷ், எர்ஸுரூமின் பாலாந்தோகன். மூன்றுக்குமே கிட்டத்தில் விமான நிலையம் உண்டு.

"நெஜாத்தி பெய், நான் முதல்ல விமான நிலையத்தைப் பாப்பேன், அப்புறம்தான் மலை," என்றாள். "எர்ஜியஸ்ல இந்த வருஷம் இடம் இல்ல. மிச்சம் ரெண்டுதான். உங்க ஊர்ல மூடுபனி வந்து விமானம் நிக்குமாமே?"

"எங்க ஊர்லயா? மூடுபனியா? பூதக்கண்ணாடி வெச்சுத் தேடணும் ஹானிம்."

"சரி. அப்ப வெள்ளிக்கிழமை காலையில முதல் விமானத்துல ரெண்டு பேருமா போவோம். சக்கரம் தரையைத் தொட்டதுலேர்ந்து நான் கட்டில்ல உக்கார்ற வரைக்கும் எவ்வளவு நேரம்னு கடிகாரத்துல பாக்கறேன். விமானத்துல போய்ப் பழக்கம்தானே?"

நெஜாத்தி வாய்விட்டுச் சிரித்தார். "விமானமா? நமக்கு அது மினிபஸ் மாதிரி."

இருபது வருஷம் விமான நிலைய வாசலில் நின்றவர் ஒரு தடவைகூட உள்ளே ஏறியதில்லை.

விமானம் தரையை விட்டபோது வயிறு இஸ்தான்புல்லிலேயே தங்கிவிட்டது போல் இருந்தது. கை இரண்டும் நாற்காலியின் பிடியோடு ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் பெல்கிஸ் ஹானிம் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். "என்ன பேச்சையே காணோம்?" என்றாள். "தூக்கம்," என்றார் நெஜாத்தி. கண்ணை மூடினால் பயம் அதிகமாயிற்று. திறந்தால் இறக்கை ஆடுவது தெரிந்தது. ஆடுகிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மற்றவர்கள் எல்லாம் எப்படிச் சாவதானமாகப் பத்திரிகை புரட்டுகிறார்கள்?

எர்ஸுரூமை நெருங்கியதும் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். மேலே துடைத்துவைத்த வானம். வெயிலில் பாலாந்தோகன் உச்சி சட்டையை மாற்றிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நின்றது. கீழே சமவெளி இல்லை. ஊர் இல்லை. சட்டி நிறையப் பால் ஊற்றினாற்போல் விளிம்புவரை வெள்ளை. அவருடைய விடுதியும் அந்தப் பாலுக்கு அடியில் எங்கோ கிடந்தது.

விமானம் அந்தப் பாலுக்குள் இறங்கியது.

இறக்கை நுனி மறைந்தது. பிறகு இறக்கையே மறைந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் வெள்ளை, நெஜாத்திக்கு அப்படியில்லை. இந்த நிலத்தின் ஒவ்வொரு கம்பமும் அவருக்குத் தெரியும். தானியக் கிடங்கின் கோபுரம், உயர மின்கம்பிகள், சர்க்கரை ஆலைப் புகைபோக்கி, புது மசூதியின் இரண்டு மினார்கள். ஒவ்வொன்றும் வெள்ளைக்குள் தன்னைப் பார்த்து நடந்து வருவதாகத் தோன்றியது. 'இப்போது கிடங்கு. இப்போது கம்பி.' எதிரே எதுவும் தெரியவில்லை. திடீரென்று எஞ்சின் அலறியது. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே பாய்ந்தது. யாரோ ஒரு குழந்தை வீறிட்டது.

தரை தெரியவில்லை, இன்னொரு முறை முயற்சி செய்கிறோம் என்று விமானியின் குரல் வந்தது.

இன்னொரு முறையா?

கடனோடு சாகிறவனின் உயிர் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நடுவில் தொங்கும் என்று இமாம் சொல்ல அவர் கேட்டிருக்கிறார். இப்போதே நடுவில்தான் தொங்கிக்கொண்டிருந்தார். அக்காவின் வெறும் மணிக்கட்டு கண்முன் வந்தது. அவளிடம் கேட்க வழியில்லை. பக்கத்தில் இருப்பவளிடமாவது கேட்டுவிட வேண்டும். சாவு கிட்டே வந்தால் அந்த ஊர் ஆட்கள் செய்வது அதுதான்: யாருக்கு என்ன தீங்கு செய்தோமோ அதை வாய்விட்டுச் சொல்லி, 'எனக்கு ஹலால் பண்ணிவிடு' என்று கேட்பது. அவர்கள் மனதார விட்டுக்கொடுத்தால்தான் கணக்குத் தீரும்.

விமானம் மறுபடி வெள்ளைக்குள் இறங்கியது.

"பெல்கிஸ் ஹானிம், எனக்கு ஹலால் பண்ணிடுங்க."

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்?" அவள் குரல் நூலாக இருந்தது.

"பொய் சொல்லிட்டேன். ஜனவரி மாசம் பாதி நாள் காலையில இப்படித்தான் இருக்கும். மத்தியானம்தான் விலகும். இருபது நிமிஷங்கிறது ஜூலை மாசக் கணக்கு. மேல்மாடிக்குக் கொதிகலன் சூடு ஒழுங்கா ஏறாது. விமானத்துல நான் ஏறினதே இல்ல, இன்னிக்குத்தான். ஹலால் பண்ணிடுங்க!"

அவள் அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது. "பண்ணிட்டேன், பண்ணிட்டேன். நீங்களும் எனக்குப் பண்ணுங்க."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"ஸாரிகாமிஷ்காரனுக்குத்தான் தர்றதுன்னு நேத்தே முடிவு பண்ணிட்டேன். அவன் விலையைக் குறைக்கத்தான் உங்களைச் சும்மா இழுத்துக்கிட்டு வந்தேன்."

எஞ்சின் மறுபடி அலறியது. மூக்கு மறுபடி மேலே போனது.

"ஹலால்," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "நாசமாப் போங்க, ஹலால்."

விமானம் எர்ஸுரூமைக் கைவிட்டு, கார்ஸில் போய் இறங்கியது. தரையைத் தொட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். அந்த அம்மாள் அவர் கையை விட்டுவிட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "சக்கரம் தொட்டாச்சு, கடிகாரத்தை ஆரம்பிக்கவா?" என்றாள். அவரால் சிரிக்க முடியவில்லை.

எர்ஸுரூம் போகிறவர்களுக்காக விமானக் கம்பெனி ஒரு பஸ் ஏற்பாடு செய்தது. வழியில்தான் ஸாரிகாமிஷ். பைன் மரங்களுக்கு நடுவே அந்த ஸாரிகாமிஷ்காரனின் விடுதி தெரிந்ததும், பெல்கிஸ் ஹானிம் டிரைவரிடம் கெஞ்சி நிறுத்தச் சொன்னாள். போச்சு, என்று நினைத்தார் நெஜாத்தி. இங்கேயே இறங்கிவிடுவாள். ஏப்ரல் போச்சு. அவரும் பின்னாலேயே இறங்கினார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

விடுதிக்காரர் வாசலுக்கே ஓடிவந்தார். நல்ல கோட்டு, நல்ல மீசை.

"வாங்க ஹானிம், வாங்க! பாத்தீங்களா, விமானம் எங்க வந்து இறங்கிச்சுன்னு?"

"பாத்தேன். புயல் அடிச்சா உங்க ரோட்டைப் பனி மூடிடாதா?"

"எங்க ரோடா?" அவர் நெஞ்சில் கைவைத்தார். "நான் பொறந்ததுலேர்ந்து ஒரு நாள் மூடினதில்ல!"

பின்னால் நின்றிருந்த பஸ் டிரைவர் சிகரெட்டைக் கீழே போட்டார். "போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பூரா இந்த வளைவுலதான் நாப்பது பேரோட உக்காந்திருந்தேன், தம்பி. நீ சூப்பு கொண்டாந்து வித்தியே, மறந்துட்டியா?"

மீசைக்காரர் மீசையைத் தடவினார். பெல்கிஸ் ஹானிம் திரும்பி நெஜாத்தியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கும் அவர் பயந்தார்.

"நீங்க சொல்லுங்க. மூடுபனிக்கு என்ன பண்ணலாம்?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "காலை விமானத்துல அனுப்பாதீங்க. மத்தியானம் அனுப்புங்க. அப்பவும் திருப்பிவிட்டுட்டா நானே கார்ஸுக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். அதுக்குக் காசு வாங்க மாட்டேன்."

"கொதிகலன்?"

"உங்க முன்பணத்துல அதான் முதல் செலவு."

அவள் பஸ்ஸில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மத்தியான டிக்கெட் விலை ஜாஸ்தி. அதை உங்க அறை வாடகைல கழிச்சுக்குவேன்," என்றாள். கழித்தாள். சும்மா விடுகிறவள் இல்லை.

ஆட்கள் வந்தார்கள். பதினான்கு அறையும் நிரம்பிற்று. ஊரில் அன்று சிரித்தவர்கள் விளக்கு எரிகிற ஜன்னல்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க நெஜாத்தி விடியற்காலையில் எழுந்து ஜன்னலைத்தான் பார்த்தார். வெள்ளையாக இருந்தால் மத்தியானம் விலகுகிற வரைக்கும் சோறு இறங்காது. இரண்டு தடவை விலகவே இல்லை. இரண்டு தடவையும் கார்ஸுக்கு ஓட்டினார். ஒரு தடவை திரும்பும்போது, ஸாரிகாமிஷ் தாண்டியதும் புயல் பிடித்தது. ரோடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தார். பின்னால் பத்துப் பேர், அவர் கொண்டுபோயிருந்த சூப்பைக் குடித்துவிட்டு, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள். ஒருவன்கூட 'எவ்வளவு நேரம்' என்று கேட்கவில்லை. யாராவது கேட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. 'அல்லாவே, இவர்களிடம் என்னால் ஹலால் கேட்க முடியாது, பத்துப் பேரையும் எழுப்ப வேண்டும்' என்று முணுமுணுத்தபடி, ஓரத்தில் நட்டிருந்த கம்பங்களைத் தடவுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். விடுதி சேர்ந்தபோது ஸ்டியரிங்கிலிருந்து வலது கை விரல்கள் வரவில்லை. மற்றக் கையால் பிரித்தெடுத்தார்.

ஏப்ரல் பிறந்ததும் நகைக்கடைத் தெருவுக்குப் போய் விலை கேட்டார். மறுபடி ஏறியிருந்தது. கொதிகலன்காரனுக்குத் தவணை சொல்லி, மினிபஸ்ஸுக்கு வாங்கவிருந்த டயரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி, பணத்தைச் சேர்த்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

அவள் வெள்ளைத் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். தேநீர் ஊற்றினாள்.

"டேய்."

"சொல்லு அக்கா."

"விமானத்துல போனியாமே. எப்படிடா இருக்கும்? நான் ஏறினதே இல்ல." அவள் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "பயமா இருக்குமா?"

"விமானமா?" நெஜாத்தி நெஞ்சை நிமிர்த்தினார். "அது மினிபஸ் மாதிரிதான் அக்கா."

"அப்ப உன் கை ஏன் நடுங்குது?"

"குளிரு."

"ஏப்ரல்லயா?"

அவர் நோட்டுக் கட்டைப் பிரித்தார். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். விரித்த உள்ளங்கைக்குப் பின்னால் அந்த வெறும் மணிக்கட்டு. முதல் வளையலுக்கு, இரண்டாவது வளையலுக்கு என்று சொல்லிச் சொல்லி அவர் நோட்டுகளை வைத்தார். நடுவில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் கையை மடக்கவே இல்லை. பன்னிரண்டாவது வளையலின் கடைசி நோட்டை அந்த உள்ளங்கையில் வைத்து, அது பறந்துவிடுமோ என்பது போல் ஒரு நொடி தன் விரலால் அழுத்திப் பிடித்திருந்து, பிறகு விட்டார்.