தீப்பெட்டியில் சேர்ந்த முடி

ஒண்டிக்கடையிலிருந்து மஞ்சக்குட்டை போகும் மலைப்பாதை ஜீப்பில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காதை மூடிய மப்ளர், மண்ணேறிய விரல்கள், மடியில் நான்கு மாதக் குழந்தை. அதன் பின்மண்டையில் ஒரு திட்டு வழுக்கை. சட்டையில் ஒட்டிய குழந்தையின் முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டே வந்தார். ஆவணங்களை இப்படிக் காப்பாற்றிய ஒருவரை என் முப்பத்தைந்து வருட அரசு உத்தியோகத்தில் பார்த்ததில்லை.

"எதுக்குங்க இது?" என்றேன்.

"மொத முடி குலசாமிக்கு வேண்டிக்கிட்டதுங்க. மொட்டைக்கு நாள் இருக்குது, அதுக்குள்ள கொட்டுதுங்க. பாயில ஒரசக்கூடாதுன்னு நானும் சம்சாரமும் மாத்தி மாத்தி மடியிலயே வெச்சிருக்கறோம். தூங்கிப் பத்து நாளாச்சுங்க."

"இந்த வயசுல கொட்டறதுதாங்க. தானா முளைக்கும்."

"நர்சம்மாவும் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சு என்னுங்க? சாமிக்குத் தெரியணுமில்லீங்க?"

அலுவலக முறைப்படி நக்கலாக வழி சொன்னேன்: "கொட்டினதை இப்பவே கோயில்ல ஒப்படைச்சிருங்க. மீதிக்கு அவகாசம் கேளுங்க."

அவர் சிரிக்கவில்லை. "சாமி ஒத்துக்குமுங்களா?"

மேலதிகாரியைக் கேட்காமல் நான் ஒரு காகிதத்திலும் கையெழுத்திட்டவனல்ல. "ஒத்துக்கும்" என்றேன்.

"கொஞ்சம் புடிங்க சாமி" என்று குழந்தையை என் மடியில் வைத்தவர், அடுத்த வளைவுக்குள் குறட்டை விட்டார்.

மஞ்சக்குட்டையில் அவரை எழுப்புமுன், என் ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த ஐந்து முடிகளையும் நானே பொறுக்கி அந்தத் தீப்பெட்டியில் போட்டேன்.