ஐந்து மணிக்கு மூடிய சமையலறை

ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தனுக்குச் சுற்றறிக்கை அனுப்ப ஆளில்லாவிட்டால் மனைவிக்கு அனுப்புவான். நானும் அனுப்பினேன். என் வயிறு பெருத்துக்கொண்டு போனது. எனவே கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் இனிக் காலை பதினொரு மணியிலிருந்து மாலை ஐந்து வரைதான் சாப்பாடு என்று தட்டச்சு செய்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒருவர் பட்டினி கிடக்க மற்றவர் சாப்பிடுவது முறையல்லவே. ஆகையால் அவளையும் சேர்த்துக்கொண்டேன்.

படுக்கப்போகுமுன் ஒரு கப் பால் குடிப்பது அவள் வழக்கம்.

"இஞ்சேருங்கோ, பால் மட்டும் குடிக்கட்டே?"

"ஒண்டுக்கு விலக்குக் குடுத்தா எல்லாத்துக்கும் குடுக்கோணும்" என்றேன். வேலை பார்த்த கந்தோரில் எத்தனையோ பேரை இப்படித் திருப்பியனுப்பிய வாய்.

ஒரு விடயம் என் கண்ணில் படவேயில்லை. எனக்குப் பரிமாறி முடித்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். இரண்டாவது சாப்பாட்டை நான் நாலரைக்குத் தொடங்கி, ஆற அமரச் சாப்பிட்டு எழும்பும்போது ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் நின்றபடியே இரண்டு பிடி சோறும் குழம்பும் விழுங்குவாள். மீன் பெரும்பாலும் என் தட்டிலேயே முடிந்திருக்கும். எட்டு மாதத்தில் நான் இரண்டு கிலோ குறைந்தேன், அவள் பதினொன்று. வீட்டுக்கு வந்தவர்களிடம் அதை என் நிர்வாகத் திறமையாகக் காட்டினேன்.

ஒருநாள் காலை, ஈர உடுப்பு வாளியைப் பல்கனிக்குத் தூக்கியவள் அப்படியே விறைத்து நின்றாள். விழவில்லை, வழுக்கவில்லை. இடுப்பில் வெறும் நாரிப்பிடிப்பு என்று நானே தீர்ப்பளித்து மூன்று வாரம் எண்ணெய் தடவினேன். முதுகு நோ குறையாததால் எக்ஸ்ரே எடுத்தபோது முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருந்தது. எலும்பு அடர்த்தியையும் சோதித்து, அறிக்கைகளோடு பொரளையில் ஒரு டொக்டரிடம் போனோம். எங்கள் மகளைவிட இளைய பெண்.

"அம்மா, எட்டு மாசத்துக்குள்ள இவ்வளவு கெதியா மெலிஞ்சா கொழுப்பு மட்டும் போகாது. தசையும் எலும்பும் சேர்ந்து போகும். உங்கட எலும்பு முந்தியே கொஞ்சம் பலவீனமா இருந்திருக்கலாம். ஆனா பாலும் மீனும் இல்லாம அது எப்பிடித் தாங்கும்? கடைசிச் சாப்பாடு எத்தினை மணிக்கு?"

அந்த 'முந்தியே' என்ற சொல்லை நான் தப்பிக்க உதவும் உபபிரிவைப்போலப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அவள் முந்திவிட்டாள்.

"எனக்குப் பசிக்கிறேல்ல டொக்டர். நான்தான் சாப்பாட்டை விட்டிட்டன்."

"இந்த வயசில மெலிஞ்சு எந்தக் கல்யாண ஃபோட்டோவுக்கு நிக்கப் போறீங்க?" டொக்டர் நன்றாகவே ஏசினார். நான் சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, இனி இவ நேரத்துக்குச் சாப்பிடுறாவோ எண்டு நீங்கதான் பாக்கோணும்."

"ஓம்" என்றேன்.

திரும்பும்போது ஓட்டோவில் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"அந்தப் பிள்ளை உங்களை ஏசினா, நீங்கள் வீட்டை வந்து கோவத்தில சாப்பிடாமக் கிடப்பீங்கள். நீங்கள் சாப்பிடாட்டி நானும் சாப்பிடேலாது."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். மறுக்க ஏதாவது கிடைக்குமா என்று பம்பலப்பிட்டி வரை யோசித்துப் பார்த்தேன்.

அதன்பிறகு இரண்டு தடவை அதே டொக்டரிடம் போய்விட்டோம். இரண்டு தடவையும் பழைய பட்டினிக்காக அவள்தான் ஏச்சு வாங்கினாள். நான் அறிக்கைகளைத் திகதி வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.