வெல்டிங் பிளான்டின் இரண்டாவது பில்

என் கணவர் அந்த வெல்டிங் பிளான்டை வாங்கி வந்த நாளிலிருந்தே எனக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது. பச்சைப் பெயின்ட் உரிந்த இரும்புப் பெட்டி. இடுப்பு உயரம். நாலு பேர் சேர்ந்தால்தான் அசையும். வத்தளைத் தொழிற்சாலையில் வேலை போன பிறகு, வீட்டுக் கராஜில் வைத்து ஜன்னல் கிரில் செய்து பிழைக்கலாம் என்று அவர் யோசித்தார். யோசனை பிழையில்லை. அந்த யுத்த வருஷங்களில் வெள்ளவத்தையில் கிரில் கேட்காத வீடே கிடையாது.

விற்றவர் கொட்டாஞ்சேனையில் பட்டறை வைத்திருந்த யாழ்ப்பாணத்தவர். எல்லாவற்றையும் விற்றுவிட்டு மனைவியோடு இந்தியாவுக்குப் போக இருந்தார். நானும் கூடப் போயிருந்தேன். அவருடைய மனைவி பக்கத்தில் நிற்க, பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாம் எழுதி, கையெழுத்து வைத்துப் பில் தந்தார். என் கணவர் பேப்பர் இல்லாமல் ஒரு சாமானையும் தொடமாட்டார். கொழும்பில் தமிழர் வீடென்றால் அப்படித்தான். பொலிஸ் பதிவு, வீட்டுக்காரியின் கடிதம், ஃபிரிட்ஜ் பில் எல்லாம் ஒரே ஃபைலில், அந்த ஃபைல் வாசல் மேசையில். இந்தப் பில்லும் அதற்குள் போனது.

வாங்கி மூன்று கிழமையில் செய்தி வந்தது. கொட்டாஞ்சேனைக்குக் கம்பி வாங்கப் போன என் கணவரிடம் கம்பிக் கடைக்காரர் மெல்லச் சொன்னாராம், பட்டறைக்காரரை ஒரு வான் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது, எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது என்று.

அன்று பின்னேரம் கரண்ட் போய் வந்தது. வந்த கையோடு கராஜுக்குள் பிளான்ட் தானாக உறுமத் தொடங்கியது. அதன் சத்தம் ஒரு சீராக இராது. நீளமாக ஓர் உறுமல், நடுவில் ஒரு தட்டு, மறுபடி உறுமல். உள்ளே ஆரோ தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பது போல எனக்குக் கேட்டது.

“சுவிட்சை நிப்பாட்டேல்லையோ?” என்று அவரைக் கேட்டேன்.

“நிப்பாட்டினனான். என்ர கையால நிப்பாட்டினனான்.”

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். கடற்கரை ரயில் போகும்போது வீடு அதிருகிறது, அந்த அதிர்வில் தேய்ந்த சுவிட்ச் விழுகிறது என்று அவர் விளக்கம் சொன்னார். இருக்கலாம். ஆனால் ரயில் முதல் நாளிலிருந்தே போய்க்கொண்டுதான் இருந்தது. செய்தி வருமுன் அது ஒருநாளும் தானாக உறுமவில்லை. பட்டப்பகலிலேயே கராஜுக்குள் கால் வைக்க எனக்குப் பயமாக இருந்தது.

“உந்தக் கண்டறியாத சனியனைக் கொண்டுபோய் எங்கையாவது தள்ளுங்கோ” என்றேன்.

“எங்கை தள்ளுறது? லொறியில ஏத்தினால் முதல் செக்பொயின்டிலேயே பேப்பர் கேப்பான். பேப்பரில ஆரின்ர பேர் இருக்கு?”

“அப்ப அந்தப் பேப்பரைக் கிழியுங்கோ.”

“கிழிச்சால் களவுச் சாமான். நீர் விசர்க் கதை கதையாதேயும்.”

அதுதான் வில்லங்கம். பில் இருந்தால், காணாமல் போனவனை உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். இல்லாவிட்டால், இதை எங்கே எடுத்தாய் என்பார்கள். இரண்டுக்கும் ஜீப்பில் ஏறப் போவது என் கணவர்தான். பிளான்டை வைத்திருக்கவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. அதுபாட்டுக்குக் கராஜில் உறுமிக்கொண்டு இருந்தது.

பத்து நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு, ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் செக்கிங். எங்கள் கராஜுக்குள் நுழைந்த பொலிஸ் அதிகாரி பிளான்டைத் தடியால் தட்டிப் பார்த்தார். “பில் எக்க கோ?” என்று சிங்களத்தில் பில்லைக் கேட்டார். என் கணவரின் கை ஃபைலுக்குப் போனது. நான் முந்திக்கொண்டேன். “பில் எக்க கெதர நே, சேர்.” வீட்டில் இல்லை, வாங்கிய கடையில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அடித்து விட்டேன். ஒரு கிழமைக்குள் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொன்னார். ஃபைலை அவர்கள் ஏன் திறந்து பார்க்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர்கள் ஒழுங்கையை விட்டுப் போனதும் அந்தப் பில்லை எடுத்துக் கேஸ் அடுப்பில் பிடித்தேன். கணவர் குசினி வாசலில் நின்று பார்த்தார். தடுக்கவில்லை. அன்றே புறக்கோட்டைக்குப் போய், தெரிந்த இரும்புக் கடைக்காரரிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, அவர் கடையில் வாங்கியதாகப் பழைய திகதியில் ஒரு பில் எழுதுவித்தோம். ஸ்டேஷனில் அதைப் பார்த்து, பிரதி எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். பிளான்ட் இனி எங்களுக்கே என்று முடிவாயிற்று. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை கேட்டைத் தட்டியது பட்டறைக்காரரின் மனைவி. பாதியாய்ப் போயிருந்தாள். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கதைத்தாள்.

“அவர் எப்பவோ இந்தியாவுக்குப் போயிட்டார் எண்டு பொலிஸ் சொல்லுது அக்கா. அதால முறைப்பாடே எழுதமாட்டினமாம். அந்த மாதம் அவர் இஞ்சதான் இருந்தவர் எண்டு காட்ட ஒரு பேப்பர்த் துண்டு கொண்டு வாங்கோ எண்டு புதுக்கடைக் கோர்ட்டில லோயர் சொன்னவர். கடைசியா அவர் கையெழுத்து வச்சது உங்கட பில்லிலதான்.”

ரயில் ஒன்று போனது. சொல்லி வைத்தாற்போல் கராஜில் பிளான்ட் உறுமியது. நீளமாக, தட்டு, மறுபடி நீளமாக. அவள் சட்டென்று எழுந்து அந்தப் பக்கம் திரும்பினாள். ஆரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல் இரண்டடி நடந்தும் விட்டாள். பிறகு நின்றாள்.

“பில் இல்லாட்டிலும் பரவாயில்லை” என்றாள். “அண்டைக்கு அவரைக் கண்டனாங்கள் எண்டு நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் காணும்.”

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் எங்கள் பில் பொய்யென்று ஆகும். கடைக்காரரும் மாட்டுவார், இவரும் மாட்டுவார். என் கணவர் வாயைத் திறக்கப் பார்த்தார். நான் ஃபைலை எடுத்து, புறக்கோட்டைப் பில்லை அவள் கையில் கொடுத்தேன்.

“நாங்கள் இதைக் கடையில வாங்கினது, பிள்ளை.”

பில் எழுதிய அன்று என்னோடு பக்கத்தில் நின்றவளிடமே சொன்னேன். அவள் அந்தப் பில்லை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். வந்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பித் தந்தாள். நான் அதை அவசரமாக ஃபைலுக்குள் வைத்து மூடியதைப் பார்த்தாள்.

“நீங்கள் பயப்பிடாதேங்கோ அக்கா” என்றாள். “நான்தான் வீடு தெரியாமல் மாறி வந்திட்டன்.”

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் அவள் போனாள்.