படைத்தவரைப் பற்றித் தங்கராஜா சொன்னது

வதனி கணையப் புற்றுநோயில் மூன்றே மாதத்தில் போனபிறகு, அவள் புருஷன் தங்கராஜா சாப்பாடில்லாமல் இளைத்துவிட்டார் என்று சுவிஸ் லாங்கன்தால் ஊர்த் தமிழ்ச் சனம் கதைத்தது. நம்பாதீர்கள். வயிறு அப்படியேதான் இருந்தது, பேச்சுத்தான் இளைத்தது. வெள்ளி வரைக்கும் தொழிற்சாலையில் மெஷினோடு, அதற்குப் பிறகு சுவரோடு. ஞாயிறு மத்தியானம் மட்டும் மூன்று பேர் முந்நூற்றி நாலு சீட்டு விளையாட வருவார்கள். வாரத்தில் அவர் வாய் திறப்பது அப்போதுதான்.

யாரோ தெருவில் இலவசமென்று வைத்த பெட்டியில் ஒரு ஜெர்மன் புத்தகம் கிடைத்தது. கைப்போனை வைத்து மொழிபெயர்த்து, வரி வரியாக வாசித்தார். பழங்காலத்தில் நொஸ்டிக் என்று ஒரு கூட்டமாம். உலகத்தைப் படைத்தவர் சின்னக் கடவுள், மேலே உண்மையானவர் இருப்பதே அவருக்குத் தெரியாது என்பது அவர்கள் நம்பிக்கை. மண்ணும் சதையும் அவருடைய அரைகுறை வேலை. மனிதருக்குள் ஒரு பொறி மட்டும் மேலேயிருந்து வந்தது.

அடுத்த ஞாயிறு சீட்டுப் போடும்போது இதை எடுத்துவிட்டார்.

"பின்னை செய்தது ஆர், மேசனோ?" என்றார் லக்ஷ்மணன்.

"எங்கட கட்டிடத்தைப் பாக்கிற ஹவுஸ்வார்ட் மாதிரி ஒருத்தர். சொந்தக்காரனைக் கண்டதேயில்லை, ஆனா கட்டிடம் தன்ர எண்டு நினைப்பு. அவர் பூட்டின குழாயெல்லாம் ஒழுகுது."

குகதாசன் சிரித்தார். கோயில் செயலாளர் சந்திரகுமார் சிரிக்கவில்லை.

"அப்ப நாங்கள் ஹவுஸ்வார்ட்டையோ தேரில வைச்சு இழுக்கிறம்?"

"எனக்கென்ன தெரியும்? இழுக்கிறது நீங்கள்."

அந்த ஒரு வார்த்தை கூடிப்போய்விட்டது. மறு ஞாயிறு ஒருவரும் வரவில்லை. சீட்டு சந்திரகுமார் வீட்டுக்கு மாறிவிட்டதாம், நாலாவது கைக்கு அவருடைய மச்சானாம். மூன்றாவது ஞாயிறு தாண்டியதும் தங்கராஜா சந்திரகுமார் வீட்டுக்குப் பஸ் ஏறினார். மன்னிப்பை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சந்திரகுமார் கதவைப் பாதி திறந்தார்.

"சொன்னது பிழை எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை. வாற ஞாயிறே எல்லாரும் வாறம்."

"பிழைதான் சந்திரன். படைச்சவர்தான் பெரியவர். எல்லாம் அறிஞ்சவர்..." அதுவரை சரியாக வந்தது. பிறகு வந்தது பஸ்ஸில் பழகாதது. "அப்ப வதனிக்கு அதைத் தெரிஞ்சோ குடுத்தவர்?"

சந்திரகுமார் வாசலில் செருப்பு அடுக்கியிருந்த சப்பாத்துத் தட்டைப் பார்த்தார்.

"வேலை தெரியாதவன் செய்தது எண்டால் நான் பொறுப்பன். தெரிஞ்சவர் செய்தது எண்டால், நான் அவரோட என்னெண்டு கதைக்கிறது?"

உள்ளேயிருந்து மனைவி சுகந்தியின் குரல்: "ஆரப்பா வந்திருக்கிறது?"

"ஒருத்தருமில்லை," என்றார் சந்திரகுமார். கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்தினார். கெட்ட மனுஷன் இல்லை.

லிஃப்ட் வந்து கதவு திறந்து நின்றது. தங்கராஜா ஏறவில்லை. நாலு மாடியையும் படியால் இறங்கினார், ஒவ்வொன்றிலும் நின்று நின்று. கீழே போனால் அடுத்தது வீடுதான்.